ஏரும் வலையும்: நம் உணவின் தூய்மை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அட்சய திருதியை நமக்கு ஓர் உணவின் நினைவு நாள். துறவு பூண்ட விருஷப தேவர் ஓராண்டுக்கு மேலாக உணவின்றி ஊர்தோறும் நடந்தார். மக்கள் பேரன்பு கொண்டு பொன்னும் மணியும் யானையும் குதிரையும் கொணர்ந்து நின்றனர். முனிவர்க்கு உணவளிக்கும் முறையை மட்டும் ஒருவரும் அறிந்திலர். அத்தினாபுரத்து மன்னன் சிரேயாம்சன் முற்பிறப்பின் நினைவால் அம்முறையை உணர்ந்து, கரும்பின் சாற்றை அவர் கைகளில் வார்த்தான். தானம் என்னும் அறம் அன்று தொடங்கிற்று என்பது நம் மரபு.

பயிர்த்தொழிலை உலகுக்குக் கற்பித்தவரும் அவரே. வேண்டியவற்றை வழங்கிய கற்பக மரங்கள் அருகிப்போன காலத்தில், வாள், எழுத்து, உழவு, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களை அவர் மக்களுக்குப் பயிற்றினார். சமந்தபத்திர ஆசாரியர் தம் சுயம்பு ஸ்தோத்திரத்தின் தொடக்கத்திலேயே, உழவு முதலிய தொழில்களைக் கற்பித்த பிரஜாபதியாக ஆதிநாதரைப் போற்றுகிறார்.

ஏர் பிடிக்கக் கற்பித்தவரே கொல்லாமையை முதல் அறமாகவும் அருளினார். மண்ணைப் பிளக்கும் கொழுமுனையில் எண்ணற்ற சிற்றுயிர்கள் மடிகின்றன. ஆயின் உழவும் கொல்லாமையும் எங்ஙனம் பொருந்தும்? இவ்வினாவை நம் முன்னோர் பலமுறை எழுப்பி விடையும் கண்டனர். இன்று அங்காடியில் 'இயற்கை விளைச்சல்' என எழுதிய அரிசிப் பையும் அங்ஙனம் எழுதாத பையும் அருகருகே நிற்கும்போது நம் முன் எழுவதும் அதே வினாவே. பிறர் இதனை உடல்நலத்தின் வினாவாகவும் விலையின் வினாவாகவும் மட்டும் பேசலாம். உழவர் குடியில் தோன்றிய தமிழ்ச் சமணர்க்கு அது அறத்தின் வினாவும் ஆகும்.

உழுதுண்ட சிராவகர்

வடபுலத்திலும் மேற்கு இந்தியாவிலும் வாழும் சமணருள் பெரும்பாலோர் வணிகர். உழவில் உயிர்க்கொலை மிகுதி என்னும் அச்சம் அதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுவதுண்டு. சுவேதாம்பர மரபு, இல்லறத்தார் தவிர்க்கத்தக்க தொழில்கள் எனப் பதினைந்தை வகுத்தது. நிலத்தைத் தோண்டிப் பிளக்கும் தொழிலும், நஞ்சு விற்கும் வாணிகமும் அவற்றுள் அடங்கும். எனினும் அம்மரபின் உபாசகதசாங்கம் கூறும் ஆனந்தன் என்னும் சிராவகன், தன் உடைமைக்கு வரம்பு கட்டும்போது ஐந்நூறு ஏர்களை வைத்துக்கொண்டான். அங்கும் உழவு முற்றிலும் விலக்கப்பட்டதன்று.

தமிழகத்தில் நிலை வேறு. பொன்னூர், கரந்தை, திருப்பணமூர், மேல்சித்தாமூர், பெருமண்டூர், வீடூர், ஆர்ப்பாக்கம், திருமலை என நம் ஊர்களின் பெயரைச் சொன்னாலே ஏரியும் கழனியும் கிணறும் நினைவில் எழும். வந்தவாசி, ஆரணி, செய்யாறு, போளூர், செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் நயினார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நெல்லும் மணிலாவும் விளைவித்து வந்துள்ளன. சமணப் பள்ளிகளுக்கு அளிக்கப்பட்ட நிலத்தைப் 'பள்ளிச்சந்தம்' எனக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. பல்லவ மன்னன் சிம்மவர்மன் காலத்துப் பள்ளன்கோயில் செப்பேடுகள், பருத்திக்குன்றத்து வச்சிரநந்தி ஆசிரியர்க்கு அமண்சேர்க்கை என்னும் ஊர் அளிக்கப்பட்ட செய்தியைத் தருகின்றன. நம் ஜினாலயத்து விளக்கும் முனிவர்க்கு இட்ட உணவும் கழனியிலிருந்து வந்தவையே. ஆதலின் உழவின் குற்றத்தைப் பிறர்மேல் ஏற்றிவிட்டு, விளைந்ததை மட்டும் நாம் உண்டு வாழ்ந்தோம் என்று கூற இடமில்லை.

சோமதேவரின் உவமை

இல்லறத்தார்க்கு நேரும் இம்சையை ஆசாரியர்கள் நான்காக வகுத்தனர். கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்வது சங்கல்பி. சமைத்தல், பெருக்குதல் போன்ற மனைச் செயல்களில் நேர்வது ஆரம்பி. வாழ்வுக்கான தொழிலில் நேர்வது உத்யோகி. தாக்க வந்தாரைத் தடுக்கும்போது நேர்வது விரோதி. இவற்றுள் முதலாவதை இல்லறத்தான் அறவே விடுத்தல் வேண்டும். ஏனைய மூன்றையும் விழிப்போடும் இரக்கத்தோடும் இயன்றவரை குறைத்தல் வேண்டும்.

இந்த வேறுபாட்டை மறக்க இயலாத ஓர் உவமையால் விளக்கியவர் சோமதேவ சூரி. அவர் இயற்றிய யசஸ்திலகம் சக ஆண்டு 881இல், அதாவது கி.பி. 959இல் நிறைவுற்றது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் தென்னாட்டு வெற்றிகளுக்குப் பின் மேல்பாடியில் தங்கியிருந்த காலம் அது என்று அந்நூலின் முடிவுரை கூறுகிறது. அந்த மேல்பாடி நம் வட ஆர்க்காட்டு ஊரே. சமணச் சிற்பங்கள் நிறைந்த வள்ளிமலைக்கு அண்மையில் உள்ளது. நூல் வடமொழியில் எழுந்ததாயினும் அதன் காலக்குறிப்பில் நம் மண்ணின் பெயர் நிற்கிறது.

சோமதேவர் உழவனையும் வலைஞனையும் ஒப்பிடுகிறார். வலைஞன் நாள் முழுதும் வலை வீசி ஒரு மீனும் பெறாது திரும்பினும் பாவம் அவனைச் சாரும். உழவன் ஏரோட்டுகையில் உயிர்கள் மடியினும் அப்பாவம் அவனை அங்ஙனம் சாராது. இருவர்க்கும் உள்ள வேறுபாடு உள்ளத்தின் நோக்கத்தில் உள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஆசாதரர் தம் சாகாரதர்மாமிருதத்திலும் இவ்வுவமையை எடுத்தாண்டார். இது எந்தக் குடியினரையும் தாழ்த்த எழுந்த சொல் அன்று. எண்ணத்தின் எடையைக் காட்ட எடுத்த அளவுகோல்.

ஏருக்கும் வலைக்கும் இடையே வரையப்பட்ட இக்கோட்டின் மேல்தான் தமிழ்ச் சமண உழவனின் மன அமைதி பல நூற்றாண்டுகள் நிலைபெற்றது. 'நான் கொல்ல விரும்பவில்லை. பயிர் விளைய விரும்பினேன்' என்று அவன் கூற முடிந்தது. அந்தக் கூற்று இன்றும் உண்மையா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

உண்பவனின் பங்கு

நிலத்தை விட்டு நகரம் சேர்ந்த நம்மவர், 'உழுதவன் வேறு, உண்ணும் நான் வேறு' என்று அமைதி கொள்ள இயலுமா? இதற்கும் தமிழிலேயே விடையுண்டு. குறளின் புலால் மறுத்தல் அதிகாரம், கொல்பவனையும் வாங்குபவனையும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகக் காட்டுகிறது. நீலகேசியும் இதே வாதத்தைப் பௌத்தரோடு விரிவாக நிகழ்த்துகிறது. தனக்கெனக் கொல்லப்படாத ஊனை உண்பதில் குற்றமில்லை என்பது எதிர்வாதம். வேண்டுவோர் உளராதலின் கொல்வோர் உளராயினர் என்பது நீலகேசியின் மறுப்பு. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் சமயதிவாகரர் உரையோடு அந்நூலைப் பதிப்பித்துத் தமிழுலகுக்கு அளித்தார்.

நுகர்வோர் பொறுப்பு என்று இக்காலத்தார் பேசும் கருத்தின் வேர் அதில் உள்ளது. ஊனுக்கு நாம் கூறிய நியாயத்தை நெல்லுக்கு மட்டும் விலக்கி வைத்தல் முறையன்று. முனிவர்க்கு இடும் உணவில் உத்கம தோஷங்கள், அதாவது உணவு தோன்றும் நிலையிலேயே சேரும் குற்றங்கள் எனப் பதினாறை வகுத்து ஆராய்ந்தது நம் மரபு. உணவு எங்கிருந்து, எவ்வகையில் வந்தது என்று கேட்பது நமக்குப் புதிய வழக்கமன்று.

பழைய கழனி

ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்வரை நம் கழனிகளுக்கு உரம் ஊரிலிருந்தே வந்தது. கோடையில் வற்றிய ஏரியின் வண்டலை வண்டியில் ஏற்றி வயலில் பரப்பினர். ஆட்டுக்கிடை அமர்த்தினர். புங்கந்தழை, எருக்கு, ஆவாரை, கொழுஞ்சி ஆகியவற்றைச் சேற்றில் மிதித்தனர். தொழுவத்து எருவும் கடலைப் பிண்ணாக்கும் வேப்பம் பிண்ணாக்கும் இட்டனர். நெற்குதிரில் நொச்சித் தழையும் வேப்பந்தழையும் இட்டுப் பூச்சியை அணுகவொட்டாது தடுத்தனர்.

இம்முறையை வெள்ளையர் அனைவரும் இகழவில்லை. இங்கிலாந்து அரச வேளாண் கழகத்தின் வேதியியல் அறிஞர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் 1889இல் இந்தியா வந்து நாடெங்கும் சுற்றி, 1893இல் வெளியிட்ட அறிக்கையில் இந்திய உழவரின் கவனமான உழவைப் பாராட்டினார். 1905இல் பூசா ஆய்வு நிலையத்துக்கு வந்த ஆல்பர்ட் ஹோவர்டு, இந்திய உழவரையும் பயிர்ப்பூச்சிகளையும் தம் பேராசிரியர்களாகக் கொண்டதாக எழுதினார். பூச்சி தோன்றுவது பயிரும் மண்ணும் நலிந்ததன் அறிகுறி என்பது அவர் கண்ட முடிவு. பின்னர் இந்தூரில் அவர் வகுத்த மட்குரம் செய்யும் முறை உலகெங்கும் பரவியது. அவருடைய வேளாண் சாசன நூல் 1940இல் வெளிவந்தது. அதே ஆண்டில் நார்த்பர்ன் பிரபு தம் நூலில் 'ஆர்கானிக்' என்னும் அடைமொழியை வேளாண்மைக்கு வழங்கினார். இன்று மேலை நாட்டிலிருந்து அச்சிட்ட முத்திரையோடு திரும்பி வரும் சொல்லுக்குப் பின்னால் இந்திய உழவனின் அனுபவமும் நிற்கிறது.

ஆயினும் பழமையைப் பொற்காலமாகத் தீட்டுதல் உண்மைக்கு மாறாகும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். ஆட்சியாளரின் கொள்கைக்கு அதில் பெரும் பங்குண்டு. எனினும் ஏரி வற்றினால் கைவிட்ட விளைச்சலுக்கும் பங்குண்டு. மக்கள் பசியால் மடிவதும் துன்பமே. கொல்லாமை பேசுவோர் அதனை மறத்தல் ஆகாது.

புதிய விதையும் புதிய நஞ்சும்

ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா உண்டாக்கிக் காட்டினார்; 1913இல் அது தொழிற்சாலை உற்பத்தியாயிற்று. யூரியா முதலிய உரங்களின் மூலம் இதுவே. சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் 1939இல் டி.டி.டி.யின் பூச்சி கொல்லும் ஆற்றலைக் கண்டறிந்து 1948இல் நோபல் பரிசு பெற்றார். ஒன்று பயிருக்கு உணவு. மற்றொன்று உயிருக்கு நஞ்சு. இவ்விரண்டையும் ஒரே பெயரில் 'இரசாயனம்' என்று கூறி முடிப்பது வழக்கமாயினும், நம் ஆய்வுக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது.

1965, 1966ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்தபோது அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை நம்பி நாடு காத்திருந்தது. தஞ்சையில் 1960 முதல் தீவிர வேளாண் திட்டம் நடைபெற்று வந்தது. ஆடுதுறை 27 நெல் பரவியது. 1966இல் பிலிப்பைன்சிலிருந்து ஐ.ஆர். 8 வந்தது. அதன் விளைச்சலைக் கண்டு மகிழ்ந்த தமிழக உழவர் ஒருவர் தம் மகனுக்கு 'ஐ.ஆர். எட்டு' என்றே பெயர் வைத்தார். நம்மவர் நிறைந்த வட ஆர்க்காடு, பசுமைப் புரட்சியை ஆராய்ந்தவர்களுக்கு ஒரு முதன்மைக் களமாயிற்று. கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக அறிஞர்கள் 1970களில் இவ்வூர்களை ஆராய்ந்தனர். பின்னர் ஹேசல், இராமசாமி ஆகியோர் தலைமையில் நடந்து 1991இல் நூலாக வெளிவந்த ஆய்வு, புதிய நெல்லால் சிறு உழவரும் நிலமற்ற கூலியாளரும் பயன்பெற்றனர் என்று கண்டது. பசியைக் குறைத்த அந்நெல்லை நன்றியின்றிப் பழித்தல் சமணர்க்கு அழகன்று.

ஆனால் அந்த விதையோடு தெளிப்பானும் வந்தது. நஞ்சைத் தெளிக்கும் செயலுக்கு நம் ஊர்களில் 'மருந்து அடித்தல்' என்றே பெயர். சொல்லின் இந்த மாற்றமே பல செய்திகளைக் கூறும். 1958இல் கேரளத்தில், கப்பலில் பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லியோடு சேர்ந்து வந்த உணவுப் பொருளில் நஞ்சு கலந்து, அதனை உண்ட நூற்றுவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் விளைவாகவே 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பட்டது. 1962இல் அமெரிக்காவின் ரேச்சல் கார்சன், டி.டி.டி.யால் பறவைகள் குரலிழந்து மறைவதை எடுத்துக்காட்டி உலகை விழிக்கச் செய்தார். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களின்மேல் வானூர்தியிலிருந்து பல்லாண்டு தெளிக்கப்பட்ட எண்டோசல்ஃபானை 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் நாடெங்கும் தடை செய்தது.

நஞ்சால் பூச்சி ஒழிந்ததா எனின், அதுவும் இல்லை. நெல்லின் அடித்தண்டில் சாறுறிஞ்சும் புகையான், முன்னர்ச் சிறு தொல்லையாக இருந்தது. பூச்சிக்கொல்லிகள் அதனைத் தின்னும் சிலந்தி முதலிய இயற்கைப் பகைகளை முதலில் அழித்தன. பின்னர்ப் புகையான் பெருங்கூட்டமாய்ப் பெருகியது. இதனைக் கண்டறிந்த இந்தோனேசிய அரசு 1986இல் நெல்லுக்கான 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. அழிவைப் பெருக்கிய நஞ்சைக் குறைத்தபோது பயிர் பிழைத்தது. கொல்லும் செயல் கொல்ல வேண்டிய தேவையையே பெருக்கியது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

கோடு எங்கே நிற்கிறது?

சோமதேவரின் அளவுகோலை இப்போது வயலில் வைத்துப் பார்ப்போம். ஏரோட்டும் உழவன் மண்புழுவைக் கொல்ல ஏரோட்டுவதில்லை. யூரியா இடுபவனும் எவ்வுயிரையும் கொல்ல எண்ணி இடுவதில்லை. மண்ணும் நீரும் பின்னர்க் கெடலாம், அதன் குற்றம் கவனமின்மையின் பாற்படும். பூச்சிக்கொல்லியைத் தோளில் சுமந்து செல்பவனின் நோக்கமோ கொலையே. பூச்சி மடிந்தால்தான் அச்செயல் நிறைவேறுகிறது. மடியாவிடில் மீண்டும் தெளிக்கிறான். நோக்கத்தால் பார்க்கின் அவன் ஏரை விட்டு வலையைப் பற்றியவன் ஆகிறான்.

இதற்கு மறுப்பும் உண்டு. பயிரைக் காத்தல் குடும்பத்தைக் காத்தலாகும். ஆகவே இது விரோதி இம்சையாம் என்று உழவர் கூறலாம். கடன் வாங்கிப் பயிரிட்டவன் புகையானைக் கண்டு நிற்கும் நிலையில் அவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் விரோதி இம்சைக்கும் நம் ஆசாரியர் எல்லை வகுத்துள்ளனர்: வேறு வழி இல்லாதபோது, வேண்டிய அளவே. நாட்காட்டியைப் பார்த்துப் பூச்சி தோன்றுமுன்னரே தெளிப்பதும், பகையில்லாத தேனீயையும் சிலந்தியையும் சேர்த்து அழிப்பதும் அவ்வெல்லைக்குள் அடங்கா. மேலும், நஞ்சு முதலிய கொலைக் கருவிகளைப் பிறர்க்கு வழங்குதலை இம்சாப்பிரதானம் என்னும் பெயரில் அனர்த்த தண்டங்களுள் ஒன்றாகப் பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தியில் வைத்துள்ளார். நஞ்சை விற்பவரும் அதனைக் கோரும் சந்தையும் இதனின்று தப்ப இயலாது.

முத்திரை கூறுவதும் கூறாததும்

அங்ஙனமாயின் 'இயற்கை விளைச்சல்' எனும் முத்திரை பதித்த பையை வாங்கினால் போதுமா? இங்கும் கண்ணை மூடி நடத்தல் கூடாது.

தமிழகத்தில் நம்மாழ்வார் (1938–2013) ஊர் ஊராக நடந்து இயற்கை வேளாண்மையை மக்கள் இயக்கமாக்கினார். நடுவணரசு 2001 முதல் இயற்கை வேளாண் உற்பத்திக்கான தேசியத் திட்டத்தின் வழியே சான்றளிக்கிறது; 'இந்தியா ஆர்கானிக்' அதன் முத்திரை. உழவர் குழுக்கள் ஒருவர் வயலை ஒருவர் பார்த்துச் சான்று கூறும் பி.ஜி.எஸ். முறையும் உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017இல் விதிகள் இயற்றி 'ஜைவிக் பாரத்' சின்னத்தை வழங்கியது. தமிழக அரசு 2023 மார்ச்சில் இயற்கை வேளாண் கொள்கையை வெளியிட்டது. தேசியத் திட்டத்தின்படி நெல் போன்ற ஓராண்டுப் பயிர்க்கு நிலம் குறைந்தது இரண்டாண்டு செயற்கை உரமும் நஞ்சும் இன்றி இருத்தல் வேண்டும். பல்லாண்டுப் பயிர்க்கு மூன்றாண்டு.

இம்முத்திரை, செயற்கை உரமும் செயற்கை நஞ்சும் இடப்படவில்லை என்பதற்கு உறுதி. கொல்லாமைக்கு அது உறுதியன்று. இயற்கை வேளாண் விதிகள் பலவற்றில் எலும்புத்தூளும் இரத்தத்தூளும் உரமாக இடம்பெறுகின்றன. நம் ஊர்களில் பயிர் ஊக்கியாகப் பயன்படும் மீன் அமிலம், மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்துச் செய்வது. முட்டை அமிலம், முட்டையையும் எலுமிச்சைச் சாற்றையும் கொண்டு செய்வது. நஞ்சில்லா அரிசி என்று நாம் விரும்பி வாங்கும் பையின் பின்னால் மீன் நிற்கக்கூடும். உலகத்தார்க்கு இது குறையன்று. சிராவகர்க்கு இது பெருங்குறை. பஞ்சகவ்வியம், ஜீவாமிர்தம், வேப்பங்கொட்டைக் கரைசல், தழையுரம், மட்கிய எரு ஆகியவை நமக்கு ஏற்ற வழிகள். அவற்றாலேயே விளைவிக்கும் உழவரும் உளர். ஆயினும் கேட்டறிந்தாலன்றி வேறுபாடு புலப்படாது. இயற்கை முறையில் விளைந்த உருளைக்கிழங்கும் கிழங்கே. முத்திரை அதன் இயல்பை மாற்றாது. தேனும் அங்ஙனமே.

உடல்நலம் பற்றியும் அளவோடு பேசுதல் நன்று. 2012இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, இயற்கை விளைச்சலில் நஞ்சின் எச்சம் குறைவாக இருப்பதைக் கண்டனர். சத்தில் பெரிய வேறுபாடு காணவில்லை. 2014இல் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் தலைமையில் வெளிவந்த மற்றொரு தொகுப்பாய்வு, நலம் தரும் சில பொருள்கள் மிகுதி என்றும், காட்மியம் குறைவு என்றும் கூறியது. எச்சம் குறைவு என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. நோய் தீர்க்கும் அருமருந்தாக அதனை விளம்பரம் செய்வோரை நம்ப வேண்டுவதில்லை.

அரசாணையால் ஒரே நாளில் மாறவும் இயலாது. 2021இல் இலங்கை அரசு செயற்கை உர இறக்குமதியைத் திடீரெனத் தடுத்தது. நெல் விளைச்சல் சரிந்து, உழவர் துன்புற்று, அதே ஆண்டு நவம்பரில் அத்தடையை அரசே கைவிட்டது. மண் தேற ஆண்டுகள் வேண்டும். இடைக்காலத்தில் குறையும் விளைச்சலைத் தாங்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் உண்பவரே.

நாம் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றால் நம் இல்லங்களுக்கு ஒரு வரிசை தோன்றுகிறது. முதலாவது, நஞ்சின்றி, ஊன்கலவாத உரத்தால் விளைந்த உணவு. இரண்டாவது, செயற்கை உரம் இட்டும் பூச்சிக்கொல்லி தவிர்த்து, அல்லது வேறு வழியின்றி மிகக் குறைத்து விளைந்த உணவு. மூன்றாவது, கணக்கின்றி நஞ்சு தெளித்து விளைந்த உணவு. முத்திரை பெற்றும் மீன் உரத்தால் விளைந்ததை முதலாவதில் சேர்த்தல் கூடாது. முத்திரை பெறாத நம் ஊர் உழவரின் நெல் இரண்டாவதாக, ஒருகால் முதலாவதாகவே இருக்கலாம். உண்போர்க்கு நேரடியாக விற்கும் சிறு உழவர்க்குச் சான்றிதழ்க் கட்டாயத்திலிருந்து 2017 விதிகளே விலக்கு அளிக்கின்றன. ஆகவே தாளைப் பார்ப்பதினும் உழவரைக் கேட்பது மேல்.

விலை மிகுதி என்பது உண்மையான தடை. அதற்கு நம் அறநூல்கள் தந்த கருவி போகோபபோக பரிமாணம், அதாவது நுகர்ச்சிக்கு அளவு கட்டுதல். வகை குறைத்து, வீணாக்குவதைத் தவிர்த்து, நாள்தோறும் உண்ணும் அரிசியிலும் பருப்பிலும் தொடங்கினால் பல குடும்பங்களுக்கு இது இயல்வதே. இயலாத குடும்பத்தைக் குறைவாக நோக்குதல் எவ்வகையிலும் முறையன்று. கிடைத்ததைக் கழுவி, நீரை வடிகட்டி, பகலில் அளவோடு உண்ணும் இல்லம் அறத்தின் வழியிலேயே நிற்கிறது.

இயன்றதைத் தொடங்க வேண்டிய இடம் நம் பொது அடுக்களை. விழா நாளில் நம் ஜினாலயங்களில் நடைபெறும் அன்னதானத்துக்கும் முனிசங்கத்துக்கு இடும் ஆகாரத்துக்கும் வேண்டிய நெல்லை, நம் ஊர்களில் இன்னும் உழுதுகொண்டிருக்கும் நம்மவரிடமும் அயலாரிடமும், நடவுக்கு முன்னரே விலை பேசி, நஞ்சும் ஊன் உரமும் இன்றி விளைவித்துத் தருமாறு கேட்கலாம். மண் மாறும் இரண்டாண்டுகளில் ஏற்படும் இழப்பை அறக்கட்டளைகள் பகிர்ந்து கொள்ளலாம். பிள்ளைகள் நகரம் சென்றபின் தனித்து உழும் முதியவர்கள் நிலத்தை விற்கத் தலைப்பட்டுள்ள காலம் இது. மனையாகிவிட்ட கழனியில் மீண்டும் நெல் விளையாது. உறுதியான கொள்முதல் ஒன்று இருக்குமாயின், சில ஏக்கராவது உழவில் நிலைக்கும். நம் உணவின் தோற்றத்தை நாமே அறியும் வாய்ப்பும் நிலைக்கும்.

அன்று விருஷப தேவரின் முன் பொன்னோடு நின்றவர்களிடம் அன்புக்குக் குறைவில்லை. எதனை, எங்ஙனம் அளிப்பது என்னும் அறிவே குறைந்திருந்தது. இன்று நம்மிடம் பொருளும் உண்டு, பக்தியும் உண்டு. இலையில் விழும் சோற்றுக்குப் பின்னால் ஏர் நிற்கிறதா, வலை நிற்கிறதா என்று கேட்டறியும் வழக்கத்தை இத்திருநாளில் தொடங்குவோம்.

அருகன் அடி வாழ்க! கொல்லா அறம் ஓங்குக!